வீட்டுப் பராமரிப்பாளரின் கைவேலையை எப்படிச் சோதிப்பது?

நங்கநல்லூர் மகள் | 2 மார்ச், இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 74 வயது. போன ஐப்பசியில் பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சும் பெரும்பகுதி போய்விட்டது. நாம் சொல்வது புரிகிறது, திருப்பிச் சொல்ல வரவில்லை. நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். அதனால் ஏஜென்சி மூலம் பகல் ஷிப்டுக்கு ஒரு பெண்ணை வைத்தோம். அவரிடம் சான்றிதழ் இருந்தது. கேட்ட கேள்விக்கெல்லாம் பதிலும் சொன்னார். படுக்கைப் புண் வராமலிருக்க என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைப்பேன் அம்மா" என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஏழாம் நாள் மத்தியானம் எதிர்பாராமல் சீக்கிரம் வீடு திரும்பினேன். அம்மாவைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றிக்கொண்டிருந்தார். செயலிழந்த வலது கையின் மணிக்கட்டைப் பிடித்து, கிணற்றிலிருந்து வாளியை இழுப்பதுபோல இழுத்தார். அம்மாவுக்குக் கத்த வாய் வரவில்லை. இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டிக்கொண்டே இருந்தார். ஒரு வாரமாக இப்படித்தான் தட்டியிருக்கிறார், கேட்க யாருமில்லை. தோள் மூட்டு நழுவிக் கீழே இறங்கியிருக்கிறது என்று மருத்துவர் சொன்னார்.

அந்தப் பெண் நல்லவர். அம்மாவுக்குத் தலைவாரிப் பூ வைத்துவிட்டவர். அவருக்குத் தூக்கத் தெரியவில்லை என்பதை நான் முதல் நாளே கண்டுபிடித்திருக்க வேண்டும். எப்படிக் கண்டுபிடிப்பது என்றுதான் எனக்குத் தெரியவில்லை. அடுத்த வாரம் இரண்டு பேர் நேர்காணலுக்கு வருகிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

வேலூர் செவிலியர் | 2 மார்ச், இரவு 10.45

முதலில் அம்மாவின் தோள். அந்தக் கையைத் தொங்கவிடாதீர்கள். உட்கார்ந்திருக்கும்போது வலது முன்கைக்கு அடியில் தலையணை இருக்கட்டும். அக்குளுக்குள் கைவிட்டுத் தூக்க யாரையும் அனுமதிக்காதீர்கள், உறவினர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நான் வார்டில் பல வருடம் இருந்து, பிறகு பராமரிப்பாளர்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்தவள். நீங்கள் அந்தப் பெண்ணின் வாயைச் சோதித்தீர்கள், வாய் தேறிவிட்டது. கையைச் சோதிக்கவில்லை.

மருத்துவக் கல்வியில் ஜார்ஜ் மில்லர் என்பவர் 1990இல் ஒரு கூம்பு வரைந்தார். அடித்தட்டில் 'தெரியும்', அதற்கு மேலே 'எப்படிச் செய்வது என்று தெரியும்', அதற்கும் மேலே 'செய்து காட்டுகிறார்', உச்சியில் 'அன்றாட வேலையில் செய்கிறார்'. நம் வீட்டு நேர்காணல்கள் எல்லாம் இரண்டாம் தட்டோடு நின்றுவிடுகின்றன. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பவேண்டும் என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் மனப்பாடம். திருப்பும்போது தோளிலும் இடுப்பிலும் கைவைத்து உருட்டுகிறாரா, அடியில் துணியோடு சேர்த்து இழுக்கிறாரா என்பதுதான் விஷயம். இழுத்தால் தோல் உராயும். புண் வராமலிருக்கச் செய்த வேலையே புண்ணைக் கொண்டுவந்துவிடும்.

செய்முறைத் தேர்வுக்கு ஒரு நல்ல முறையை ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ரொனால்ட் ஹார்டன் 1975இல் எழுதிவைத்தார். மாணவர் ஒவ்வொரு மேசையாகப் போகவேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரு வேலை, ஒரே கால அளவு, கையில் ஒரே பட்டியலோடு பார்க்கிற ஒரு தேர்வாளர். எல்லோருக்கும் ஒரே அளவுகோல். இதை வீட்டுக்குச் சுருக்கிக்கொள்ளலாம். உங்களுக்கு மூன்று வேலை போதும்: கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவது, ஒரு கிண்ணம் கஞ்சி ஊட்டுவது, படுத்த இடத்திலேயே உடம்பு துடைத்து நைட்டி மாற்றுவது. மூன்றும் சேர்த்து ஒரு மணி நேரம் ஆகும்.

கஞ்சி ஊட்டுவதில் எவ்வளவு பார்க்கலாம் என்று சொல்கிறேன். முதலில் கை கழுவுகிறாரா. சோப்புப் போட்டு முழுமையாகக் கழுவ 40 முதல் 60 நொடி ஆகும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. குழாயில் விரலை நனைத்துவிட்டு வருகிறவரை அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, அம்மாவை நேராக நிமிர்த்தி உட்காரவைக்கிறாரா, பாதி சாய்த்த நிலையிலேயே ஆரம்பிக்கிறாரா. தான் நின்றுகொண்டு ஊட்டினால் அம்மா அண்ணாந்து பார்க்க வேண்டிவரும். அண்ணாந்தால் புரை ஏறும். ஆகவே தேர்ந்தவர் நாற்காலியை இழுத்துப் போட்டு அம்மாவின் கண் உயரத்துக்கு உட்காருவார். சின்னக் கரண்டியில் பாதி எடுப்பார். தொண்டை ஏறி இறங்குகிறதா என்று பார்த்த பிறகே அடுத்த கரண்டி. நடுவில் ஒரு சத்தம் எழுப்பச் சொல்லிக் குரலைக் கேட்பார். குரல் ஈரமாக, களகளவென்று ஒலித்தால் நிறுத்திவிடுவார். கடைசியில் வலது கன்னத்துக்குள் பருக்கை ஒதுங்கியிருக்கிறதா என்று பார்ப்பார், ஏனென்றால் அந்தப் பக்கம் உணர்ச்சியில்லாமல் உணவு தங்கிவிடும். முடிந்தபின் அரைமணி நேரமாவது படுக்கவைக்கமாட்டார்.

மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்க்காதீர்கள். ஒருவர் 20 படிகளில் 19ஐச் சரியாகச் செய்து, சக்கர நாற்காலியின் பிரேக்கை மட்டும் பூட்ட மறந்தால் அவருக்கு 95 மதிப்பெண் வரும், அம்மாவுக்கு இடுப்பு எலும்பு உடையும். சில படிகள் தவறினால் மொத்தமும் தவறு என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். என் பட்டியலில் அவை: பிரேக், செயலிழந்த கையை இழுப்பது, படுத்தவாறே ஊட்டுவது, கை கழுவாமை.

போரூர் மகன் | 3 மார்ச், காலை 7.20

இவ்வளவு மெனக்கெட வேண்டாம் என்பது என் கருத்து. அறையில் கேமரா பொருத்துங்கள். அலுவலகத்திலிருந்தே பார்க்கலாம். பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் யாரும் தவறு செய்யமாட்டார்கள்.

பத்து வருடப் பராமரிப்பாளர் | 3 மார்ச், இரவு 8.30

நான் திருவண்ணாமலைப் பக்கத்துக்காரி. பத்தாவது தேறவில்லை. பத்து வருடமாகச் சென்னையில் வீடுகளில் முதியவர்களைப் பார்த்துக்கொள்கிறேன். என் மகள் எழுதிக்கொடுக்க, நான் சொல்கிறேன்.

நங்கநல்லூர் அக்கா, சோதித்துப் பாருங்கள், அது எங்களுக்கும் நல்லது. எனக்குச் சான்றிதழ் கிடையாது என்பதால் வாசலிலேயே திருப்பி அனுப்பியவர்கள் உண்டு. செய்து காட்டச் சொல்லியிருந்தால் அந்த வீடுகளில் எனக்கு வேலை கிடைத்திருக்கும்.

ஆனால் ஒன்று. புது வீட்டுக்குப் போன முதல் நாள் பாட்டிக்கு எந்தப் பக்கம் பலமில்லை, கண்ணாடி போட்டால்தான் தெரியுமா, எந்தக் காது கேட்கும் என்று யாரும் எங்களிடம் சொல்வதில்லை. "அம்மா உள்ளே இருக்கிறார்" என்று சொல்லிவிட்டு அலுவலகத்துக்குக் கிளம்பிவிடுகிறார்கள். கட்டில் என் முழங்காலுக்குக் கீழே இருக்கும், குளியலறைக் கதவில் சக்கர நாற்காலி நுழையாது, சுவரில் பிடிக்க ஒரு கம்பி இருக்காது. அந்த வீட்டில் எந்தத் தேர்ந்த கை வந்தாலும் தவறும். எங்களைச் சோதிக்கும் அன்றைக்கு நாங்களும் உங்கள் வீட்டைப் பார்க்கிறோம், கேள்வி கேட்கிறோம். நன்றாக வேலை தெரிந்தவள் கேள்வி கேட்பாள். ஒன்றும் கேட்காமல் நேரே கட்டிலுக்குப் போகிறவளை நம்பாதீர்கள்.

படுக்கைப் புண் பற்றிச் சொல்கிறேன். வகுப்பில் 'தோல் சிவந்தால் எச்சரிக்கை' என்று சொல்லிக்கொடுப்பதாக என்னோடு வேலை செய்த பெண்கள் சொல்வார்கள். நம் ஊர்க் கறுப்புத் தோலில் சிவப்பு எங்கே தெரியும்? நான் புறங்கையால் தொட்டுப் பார்ப்பேன். முதுகுக்குக் கீழே வால் எலும்பு மேடு, இரண்டு குதிகால், இடுப்பு எலும்பு, படுத்தே இருப்பவராக இருந்தால் பின்தலையும். சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ, கெட்டியாகவோ, கொழகொழவென்றோ, சற்றே கூடுதல் கருப்பாகவோ இருந்தால் அந்த இடத்தில் பாரமே படக்கூடாது. அங்கே தேங்காய் எண்ணெய் விட்டுத் தேய்ப்பது தப்பு. பாசத்தில் தேய்ப்பார்கள், உள்ளே சதை இன்னும் கெட்டுப்போகும். இதை ஒரு நர்ஸ் அம்மா எனக்குக் கைபிடித்துக் காட்டிக்கொடுத்தார். உங்களிடம் வருகிறவரை அம்மாவின் குதிகாலைப் பார்க்கச் சொல்லுங்கள். என்ன பார்க்கிறார், எதால் தொடுகிறார் என்று கவனியுங்கள்.

கேமரா பற்றி அந்தத் தம்பி சொன்னதுக்கு: பாட்டியைக் குளிப்பாட்டித் துடைக்கும் அறையில் கேமரா வைத்தால், அந்தப் பாட்டியின் மானத்தை யார் காப்பது? நான் துணியை எடுக்கும் முன் கதவைச் சாத்துகிறவள்.

போரூர் மகன் | 3 மார்ச், இரவு 11.05

அக்கா, நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு வெகுநேரம் யோசித்தேன். காலையில் எழுதாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன்.

அப்பாவுக்குச் சர்க்கரை நோய். ஒரு நாள் காலை இன்சுலின் போட்டபின் சாப்பிட மறுத்துவிட்டார். சற்று நேரத்தில் வியர்த்து, பேச்சு குழறியது. பராமரிப்பாளர் சோதித்தபோது இரத்தச் சர்க்கரை 54 காட்டியது, மிகக் குறைவு. சர்க்கரை கொடுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கரைத்து எடுத்து வருவதற்குள் அப்பாவுக்கு அரை மயக்கம். மயங்கியவர் வாயில் டம்ளரைச் சாய்த்துவிட்டார். தண்ணீர் நுரையீரலுக்குள் போய் நிமோனியா வந்தது. பன்னிரண்டு நாள் மருத்துவமனையில் இருந்தோம். எல்லாமே கேமராவில் பதிவாகியிருக்கிறது. அந்த நேரத்தில் நான் ஒரு கூட்டத்தில் இருந்தேன். இரவுதான் பார்த்தேன். அன்று கேமரா எதையும் தடுக்கவில்லை. கேமராவே போதும் என்று எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

வேலூர் செவிலியர் | 4 மார்ச், காலை 6.50

போரூர் தம்பிக்கு: அப்பா இப்போது நலமா? உங்கள் அனுபவத்திலிருந்தே இன்னொரு வகைச் சோதனையைச் சொல்லலாம். அவசர நிலையை நடத்திக்காட்டச் சொல்வது. மேசையில் சர்க்கரை டப்பா, டம்ளர், கரண்டி, குளுக்கோமீட்டர், தொலைபேசி வைத்துவிடுங்கள். "தாத்தாவுக்கு வியர்க்கிறது, பேச்சு குழறுகிறது" என்று மட்டும் சொல்லுங்கள். சோதித்து 70க்குக் கீழே இருந்தால், விழித்து விழுங்கும் நிலையில் இருப்பவருக்கு 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று சிறு கரண்டி, கரைத்துக் கொடுக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். நடுவில் நீங்கள் சொல்லுங்கள்: "இப்போது கூப்பிட்டால் கண் திறக்கவில்லை." அந்த நொடியில் டம்ளரைக் கீழே வைக்கிறாரா என்று பாருங்கள். வைத்துவிட்டு, ஒருக்களித்துப் படுக்கவைத்து, 108க்குப் போன் செய்ய வேண்டும். டம்ளரைக் கீழே வைக்கிற அந்த ஒரு அசைவுதான் தேர்வு.

பத்து வருடப் பராமரிப்பாளர் சொன்ன புறங்கை விஷயத்தை இனி என் வகுப்பில் செய்துகாட்டித்தான் நடத்துவேன்.

முன்னாள் தேர்வாளர் | 4 மார்ச், மதியம் 1.15

சான்றிதழ் என்ற பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன். இந்தியாவில் திறன் தகுதிகளுக்கான தேசியக் கட்டமைப்பு 2013 டிசம்பரில் வந்தது. பிரதமர் திறன் மேம்பாட்டுத் திட்டம் 2015 ஜூலையில் தொடங்கியது. அதில் சுகாதாரத் துறை திறன் குழு வகுத்த பல பணிகளில் 'வீட்டு சுகாதார உதவியாளர்' என்பதும் ஒன்று. எழுத்துத் தேர்வு உண்டு, செய்முறை உண்டு, வாய்மொழிக் கேள்வியும் உண்டு. ஏட்டில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஏற்கெனவே வேலை செய்து கற்றுக்கொண்டவர்களின் திறனைச் சோதித்து அங்கீகரிக்கும் வழியும் அதில் இருக்கிறது. பத்தாவது தேறாத அந்தச் சகோதரி அதை விசாரித்துப் பார்க்கலாம்.

நான் தேர்வாளராகப் போன இடங்களில் நடந்தது வேறு. ஒரு மையத்தில் ஒரே நாளில் 30 பேர், ஒரே ஒரு பொம்மை. அதற்கும் ஒரு கை கழன்றிருந்தது. ஆளுக்குப் பத்து நிமிடம் என்று கணக்குப் போட்டாலும் ஐந்து மணி நேரம். பொம்மை முனகாது, விறைக்காது, பயந்து உங்கள் கழுத்தைப் பிடித்துத் தொங்காது, 60 கிலோ எடையும் இருக்காது. பொம்மையை நாற்காலிக்கு மாற்றியவருக்கு முழு மதிப்பெண் போட்டுக் கையெழுத்திட்டேன். வேறென்ன செய்வது என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நங்கநல்லூர் அம்மாவின் தோளைப் பற்றிப் படித்தபின் அந்தக் கையெழுத்துகள்தான் நினைவுக்கு வருகின்றன. நான் அந்த வேலையை விட்டு நான்கு வருடம் ஆகிறது.

சான்றிதழைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை. வகுப்பில் உட்கார்ந்தார் என்பதற்கு அது சாட்சி. உங்கள் அம்மாவை அவரால் தூக்க முடியும் என்பதற்குச் சாட்சி ஆகாது.

நியூ ஜெர்சி வாசகி | 4 மார்ச், மாலை 6.40

நான் இங்கே வீட்டுச் சுகாதார சேவையில் பதிவுபெற்ற செவிலியர். பராமரிப்பாளர்களைச் சோதிப்பது என் வேலையின் ஒரு பகுதி. அமெரிக்காவில் மூத்தோருக்கான அரசு மருத்துவக் காப்பீட்டில் சேவை செய்யும் நிறுவனங்களுக்கு மத்திய அரசு விதி உண்டு. குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி. அதற்குள் முதலில் 16 மணி நேரமாவது வகுப்பு, அதற்குப் பிறகே குறைந்தது 16 மணி நேரம் மேற்பார்வையோடு செய்முறை. தேர்வை நடத்துவது பதிவுபெற்ற செவிலியர்.

எனக்குப் பிடித்த பகுதி இதுதான்: சில திறன்களை எழுத்திலோ வாயாலோ சோதிக்கக்கூடாது. குளிப்பாட்டுதல், நகம், தலைமுடி, வாய் பராமரிப்பு, கழிப்பறை உதவி, பத்திரமாக இடம் மாற்றுதல், நடக்கவைத்தல், மூட்டுகளை அசைத்துவிடுதல், படுக்கையில் சரியாகக் கிடத்துதல், வெப்பமும் நாடித்துடிப்பும் மூச்சும் பார்த்துக் குறித்தல். இவையெல்லாம் செய்யப்படுவதைச் செவிலியர் கண்ணால் பார்த்தே தீர்மானிக்க வேண்டும். நோயாளியிடமோ, நோயாளிபோல் நடிக்கும் ஒருவரிடமோ செய்யலாம். நோயாளிபோல் பதில் தரும் கணினிப் பொம்மையும் செல்லும், வெறும் பொம்மை செல்லாது. ஒரு வேலையில் தவறினால், மறுபடி பயிற்சி பெற்றுத் தேறும்வரை அந்த வேலையைச் செவிலியர் நேரில் நிற்காமல் அவர் செய்யக்கூடாது. ஒன்றுக்கு மேற்பட்டவற்றில் தவறினால் தேர்வே தேறவில்லை என்று பொருள். அதோடு ஒவ்வொரு வருடமும் 12 மணி நேரம் கூடுதல் பயிற்சி.

இங்கேயும் காகிதத்தில் டிக் போட்டுவிட்டு ஓடுபவர்கள் இருக்கிறார்கள், அதை மறைக்க விரும்பவில்லை. ஆனாலும் 'கண்ணால் பார்த்தே' என்கிற அந்த ஒன்றுக்காக அந்த விதியை மதிக்கிறேன்.

நங்கநல்லூர் மகள் | 4 மார்ச், இரவு 9.30

எல்லோருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். ஒன்று, சரியான முறை எனக்கே தெரியாதபோது நான் எப்படி மதிப்பிடுவது? இரண்டு, தோள் வலியோடு இருக்கும் அம்மாவையே தேர்வுக்கு வைப்பதா? மனம் ஒப்பவில்லை.

கோவை இயன்முறை மருத்துவர் | 5 மார்ச், காலை 8.00

அம்மாவை வைக்காதீர்கள். நீங்கள் படுங்கள்.

உண்மையாகவே சொல்கிறேன். அந்தக் கட்டிலில், அதே உயரத்தில் படுத்துக்கொள்ளுங்கள். வலது கையையும் காலையும் செத்ததுபோல் போட்டுவிடுங்கள். பேசாதீர்கள். வந்தவரிடம் "இவர்தான் நோயாளி, வலது பக்கம் பலமில்லை, பேச வராது, நாற்காலிக்கு மாற்றுங்கள்" என்று உங்கள் கணவர் சொல்லட்டும். சரியான முறை தெரியாவிட்டாலும் உங்கள் உடம்புக்குத் தெரிந்துவிடும். எங்கே பிடித்தால் வலிக்கிறது, எந்த நொடியில் விழுந்துவிடுவோம் என்று பயம் வருகிறது, இவர் கையில் நம்மை ஒப்படைக்கலாம் என்று எப்போது தோன்றுகிறது எல்லாம் படுத்தவருக்கே தெரியும். நான் மாணவர்களைச் சோதிக்கும்போதும் நானேதான் படுப்பேன்.

முறையையும் சொல்லிவிடுகிறேன். நாற்காலி அம்மாவின் நல்ல பக்கத்தில், அதாவது இடது பக்கத்தில், கட்டிலை ஒட்டிச் சற்றே சாய்வாக இருக்க வேண்டும். பிரேக் இரண்டும் பூட்டி, கால்மிதிகளை ஒதுக்கிவிட வேண்டும். அம்மாவைக் கட்டில் விளிம்புக்கு நகர்த்தி, இரண்டு பாதமும் தரையில் படும்படி உட்காரவைத்து, தலைசுற்றல் இருக்கிறதா என்று சற்றுப் பொறுக்க வேண்டும். பராமரிப்பாளர் தன் முழங்காலால் அம்மாவின் வலது முழங்காலுக்கு முட்டுக்கொடுப்பார், இல்லையென்றால் அது மடங்கிவிடும். பிடி இடுப்பில், இடுப்புப் பட்டை இருந்தால் அதில். அம்மாவின் மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை முன்னால் குனியவைத்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி, அம்மாவே எழுந்திருக்கப் பார்க்கும்போது உடன் எழ வேண்டும். இப்படிச் செய்தால் முக்கால்வாசி வேலையை அம்மாவின் இடது கால் செய்துவிடும். பலசாலி வேண்டும் என்று தேடுகிறார்கள். முறை தெரிந்த மெலிந்த பெண் போதும். தூக்கும்போது முதுகை வளைக்கிறாரா, முழங்காலை மடக்குகிறாரா என்றும் பாருங்கள். அவர் முதுகு போனால் அவர் குடும்பம் போகும்.

உடை மாற்றுவதில் ஒரே ஒரு அடையாளம்: போடும்போது செயலிழந்த கை முதலில் நுழைய வேண்டும், கழற்றும்போது நல்ல கை முதலில் வர வேண்டும். இது தலைகீழாக நடந்தால் தோள் முறுக்கிக்கொள்ளும்.

நங்கநல்லூர் மகள் | 12 மார்ச், இரவு 10.20

தேர்வு முடிந்தது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

இருவருக்கும் அரை நாள் கூலியும் பஸ் செலவும் கொடுத்துவிட்டேன், தேறினாலும் தேறாவிட்டாலும். அதை முதலிலேயே சொல்லிவிட்டேன். கட்டிலுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்தினோம்.

முதலில் வந்தவர் 30 வயதுக்குள். சான்றிதழ், இரண்டு மருத்துவமனைகளில் அனுபவம். நான் படுத்துக்கொண்டேன். சுறுசுறுப்பாக வந்தார், என் முதுகுக்குப் பின்னால் கைவிட்டு ஒரே மூச்சில் உட்காரவைத்தார். எனக்குத் தலை சுற்றியது. உடனே எழுப்பி நாற்காலியில் இறக்கினார். மொத்தம் ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. கணவர் அசந்துபோனார். இடது பிரேக் பூட்டப்படவில்லை, நாற்காலி பின்னால் நகர்ந்தது. என் வயிறு ஒருமுறை குலுங்கி நின்றது. வெளியிலிருந்து பார்த்திருந்தால் நானும் அவரைத்தான் தேர்ந்தெடுத்திருப்பேன். பிரேக்கைப் பற்றிச் சொன்னேன். முகம் சிறுத்தாலும், "மறுபடி ஒருமுறை செய்யட்டுமா?" என்று கேட்டார். இரண்டாம் முறை பூட்டினார். கற்றுக்கொள்வார் என்று தோன்றியது. ஆனால் அம்மாவிடம் கற்றுக்கொள்ள விடமுடியாது.

இரண்டாமவருக்கு 45 வயது இருக்கும். காகிதம் எதுவும் கொண்டுவரவில்லை. உள்ளே வந்ததும் கட்டிலுக்கு வராமல் குளியலறை எங்கே என்று கேட்டுக் கை கழுவினார். ஈரம் துடைத்துவிட்டு, வளையல்களைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டார். பிறகு என் அருகில் குனிந்து, நான் நடிக்கிறேன் என்று தெரிந்தும், "அம்மா, நாற்காலியில் உட்காரலாமா? சரி என்றால் என் விரலை அழுத்துங்கள்" என்று இடது கையில் தன் விரலை வைத்தார். நான் அழுத்தினேன். அதன் பிறகுதான் போர்வையை விலக்கினார். என் வலது கையை எடுத்து என் மடியில் வைத்தார், கைக்குழந்தையை வைப்பதுபோல. உட்கார வைத்தபின் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரம் என்று தெரியாது, எனக்கு மூச்சு நிதானமாகும்வரை. எழும்போது எங்கும் வலிக்கவில்லை.

எல்லாம் சரியாக இருந்தது என்று சொல்லமாட்டேன். இரத்த அழுத்தம் பார்க்கச் சொன்னபோது பட்டையை வலது கையிலேயே கட்டப்போனார். செயலிழந்த கை வேண்டாம், ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்தபின் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தோம். எண்களைப் படிக்கத் தெரிகிறது, எழுதத் தடுமாறுகிறார். அதற்கு வேளைவாரியாகக் கட்டம் போட்ட நோட்டு ஒன்று தயாரித்திருக்கிறேன். சிறுநீர் பழுப்பா மஞ்சளா, மலம் கழித்தாரா, எத்தனை மணிக்குத் திருப்பினார் எல்லாவற்றுக்கும் டிக் மட்டும் போட்டால் போதும்.

கடைசியில் அம்மாவிடம் இருவரையும் தனித்தனியே அழைத்துப்போய்ச் சற்று நேரம் விட்டேன். இரண்டாமவர் அம்மாவின் குதிகாலைக் கையில் எடுத்து, திருப்பிப் புறங்கையால் தொட்டார். எனக்கு இங்கே படித்த புறங்கை விஷயம்தான் ஞாபகம் வந்தது. வலது குதிகாலில் ஓர் இடத்தைக் காட்டி, "இங்கே சூடாக இருக்கிறது, இன்றிலிருந்து கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகாலைத் தூக்கிவிட வேண்டும்" என்றார். நான் ஐந்து மாதமாக அந்தக் காலுக்குத் தினமும் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். அம்மா அவரைப் பார்த்து இடது கையால் கட்டில் சட்டத்தை ஒருமுறை தட்டினார். பயத்தில் தட்டவில்லை. எனக்கு வித்தியாசம் தெரியும்.

திங்கள் முதல் வருகிறார். ஏப்ரலில் இரவு ஷிப்டுக்கும் ஆள் தேட வேண்டும். அப்போது நான் படுத்துக்கொள்வேன், தேர்வாளராக இவரை உட்காரவைப்பேன்.

வேலூர் செவிலியர் | 12 மார்ச், இரவு 11.00

ஒரு மாதம் கழித்து இதே மூன்று வேலைகளை மறுபடியும் பாருங்கள். முதல் நாள் கவனமாகச் செய்பவர்கள் நாள்பட நாள்பட ஒவ்வொரு படியாக விட்டுவிடுவது மனித இயல்பு. மில்லரின் கூம்பில் உச்சித் தட்டு அதுதான். திடீரென்று வந்து பிடிக்கப் பார்க்காதீர்கள், சொல்லிவிட்டே செய்யுங்கள். அந்தக் குதிகாலை நாளை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

பத்து வருடப் பராமரிப்பாளர் | 13 மார்ச், காலை 6.15

வளையலைக் கழற்றினார் என்று படித்ததும் என் மகளை இரண்டாம் தடவை படிக்கச் சொன்னேன். நானும் அப்படித்தான். வளையல் பட்டால் வயதானவர்களின் தோல் கிழிந்துவிடும்.

ஏப்ரலில் அவரைத் தேர்வாளராக உட்காரவைக்கும்போது, அந்த நேரத்துக்கும் தனியாகச் சம்பளம் போட்டுக் கொடுங்கள் அக்கா.